ஆகாயக்கப்பலுக்கு மூங்கில் முறித்தது

மூங்கில் முறிவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் முறியும். முதலில் நார் ஒன்று கிழிகிற மெல்லிய சத்தம் வரும். பிறகு இன்னொன்று. அதன் பிறகுதான் வெடி போட்டதுபோல அந்தப் பெரிய சத்தம். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறையில் நான் நாற்பதுக்கு மேற்பட்ட மூங்கில்களை முறித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பதறும். பழகிவிடும் என்று என் கணவர் சொன்னார். கடைசிவரை பழகவில்லை.

அவருக்கு வேலை கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு படகுப் பட்டறையில். அங்கே படகுகளுக்குப் படம் கீறிக் கொடுப்பார். இரண்டாவது உலக யுத்தம் வர இன்னும் சில வருடங்கள் இருந்த காலம் அது. பட்டறையின் சொந்தக்காரர் ஒரு பறங்கியர், இங்கேயே பிறந்த ஐரோப்பிய வழியினர். எல்லோரும் துரை என்றுதான் சொல்வார்கள். முதல் யுத்தத்தின்போது இளைஞராக இங்கிலாந்துக்குப் போய், ஆகாயக்கப்பல்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்தவர். ஆகாயக்கப்பல் என்று அப்போது ஏரோப்பிளேனையும் சொல்வார்கள். இது வேறு. வாயு நிரப்பிய நீண்ட பை, அதன் அடியில் ஒரு சட்டம், அந்தச் சட்டத்தில் ஆள் இருக்க ஓர் இடம். கொழும்பில் அப்படிச் சிறியதாக ஒன்றைச் செய்து பறக்கவிட வேண்டுமென்பது அவருடைய பல வருட ஆசை. பைக்கான துணி கப்பலில் வந்து இறங்கிய அன்று, சட்டத்தை எதில் செய்வது என்று பார்க்கும் பொறுப்பை என் கணவரிடம் கொடுத்துவிட்டார்.

அது எவ்வளவு சங்கடமான வேலை என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பையில் அடைக்கும் ஐதரசன் குறிப்பிட்ட பாரத்தைத்தான் தூக்கும்; அதற்கு மேல் ஓர் அவுன்சும் தூக்காது. துணியின் பாரம், கயிறுகளின் பாரம், ஏறுகிற ஆளின் பாரம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் சட்டத்துக்கு மிஞ்சியது தொண்ணூறு இறாத்தல். இருபத்துநான்கு அடி நீளச் சட்டம் தொண்ணூறு இறாத்தலுக்குள் நிற்கவும் வேண்டும், முறியாமலும் இருக்க வேண்டும்.

பட்டறையில் சம்மட்டி அடி ஓயாது. தரை அதிர்ந்தால் அளவு பிழையாகிவிடும் என்று அவர் பொருட்களை வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். மூங்கில், லுணுமிதெல்ல மரம், சீமையிலிருந்து வந்த ஊசியிலை மரத் துண்டுகள், அலுமினியமும் செம்பும் கலந்து செய்த மெல்லிய குழாய்கள். அந்தக் குழாய்களை நாங்கள் வெள்ளைக் குழாய் என்போம். இரண்டு மரக்குதிரைகளின் மேல் ஒரு துண்டைக் கிடத்தி, நடுவில் வாளியைக் கொழுவி, பால்பேணியால் மணலை அளந்து அளந்து வாளியில் ஊற்ற வேண்டும். ஊற்றுவது நான். எவ்வளவு வளைகிறது என்று அடிமட்டக் கோலை வைத்துப் பார்ப்பது அவர். முறிந்ததும் மணலை நிறுத்துக் கொப்பியில் எழுதுவதும் நான்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் கெட்டிக்காரி. கலியாணத்துக்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் வேலை இது. பக்கத்து வீட்டு அம்மா, பின்னேரங்களில் விறகு கொத்துகிறீர்களா என்று ஒருநாள் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஊசியிலை மரம் நல்லது, ஆனால் இருந்தது நாலு துண்டு. லுணுமிதெல்ல மிகவும் லேசு. மீன்பிடி வள்ளங்களில் பக்கத்து மிதவைக்கு அதைத்தான் போடுவார்கள். ஆனால் மெல்லிதாகச் சீவினால் மடங்கிப்போகும். வெள்ளைக் குழாய் ஒழுங்கானது. பத்தை எடுத்து முறித்தால் பத்தும் ஒரே பாரத்தில் மடங்கும். ஆனால் முழுச் சட்டத்தையும் அதில் செய்தால் தொண்ணூறைத் தாண்டிவிடும். பாரத்துக்குப் பலம் என்று பார்த்தால் மூங்கிலை மிஞ்ச ஒன்றுமில்லை. அதில் ஒரே ஒரு தொல்லை, ஒன்றைப்போல் ஒன்று இராது. ஒரே புதரில் வெட்டிய இரண்டு மூங்கில். ஒன்று எண்பது இறாத்தல் தாங்கும், மற்றது நாற்பத்தைந்தில் முறியும்.

அவர் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"சராசரியிலை ஆரும் ஏறப் போறேல்லை," என்றேன். "ஏறுறது ஒரு மூங்கிலிலை. அது நாப்பத்தைஞ்சாய் இருந்தால்?"

அவர் அடிமட்டத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஆனாலும் அடுத்த நாள் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக் கணக்குப் போட்டு, மூங்கிலின் எண்ணிக்கையைக் கூட்டினார். நீளக் கால்களெல்லாம் மூங்கில், அவை ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளில் மட்டும் வெள்ளைக் குழாய்த் துண்டு, அதை இறுக்க இரும்பு ஆணி. இதுதான் முடிவு. கொப்பியின் அந்தப் பக்கத்தில், வெள்ளைக் குழாய்க்கு எதிரே, "எப்போதும் ஒரே அளவு, நம்பலாம்" என்று என் கையெழுத்தில் எழுதினேன்.

நாலு மாதத்தில் சட்டம் எழும்பிவிட்டது. இவ்வளவு நாளும் எனக்கு மூங்கில் முறியும் சத்தத்துக்குத்தான் பயம். ஒருநாள் பின்னேரம் அவர் வேலையால் வந்து, சட்டையைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"துரைக்கு நூற்றித்தொண்ணூறு இறாத்தல், அவர் ஏறினால் எழும்பாது," என்றார். "பட்டறையிலை எல்லாரையும் தராசிலை ஏத்திப் பாத்தவை. நான் நூற்றெட்டு. நான்தான் ஆகக் குறைவு."

ஏறப்போவது இவர்தான் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தேன். எப்போது என்று கேட்டேன். காற்று அடங்கிய பிறகு, இரண்டு மாதத்தில், என்றார். கயிறு கட்டித்தான் விடுவார்கள், இயந்திரம் கூடப் பூட்டுவதில்லை, தென்னை உயரத்துக்கு மேல் போகாது என்றெல்லாம் சொன்னார். தென்னை உயரத்திலிருந்து விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சில வருடங்களுக்கு முன், சீமையிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட பெரிய ஆகாயக்கப்பலொன்று வழியில் விழுந்து எரிந்த செய்தியைப் பேப்பரில் படித்திருந்தேன். அப்போது அது எங்கேயோ யாருக்கோ நடந்த விஷயம். இப்போது அடுப்பு மூட்டும்போதெல்லாம் நினைவு வந்தது. ஐதரசன் ஒரு பொறி பட்டாலே பற்றும் என்பதும், துரை ஓயாமல் சுருட்டுப் பிடிப்பவர் என்பதும் நினைவு வந்தது. வேண்டாமென்று சொல்லுங்கோ என்று என் கணவரிடம் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். எழும்பிக் கடற்கரைப் பக்கம் நடக்கப் போய்விடுவார்.

அந்த நிலையில்தான் ஒருநாள் பின்னறையைக் கூட்டப் போனேன். பரிசோதனைக்கென்று கொண்டுவந்து மிஞ்சிய ஐந்தாறு மூங்கில்கள் மூலையில் சாத்தியிருந்தன. அவற்றின் அடியில் மஞ்சளாய், கடலைமா கொட்டியதுபோல ஒரு குவியல். கூட்டித் தள்ளினேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் மறுபடியும் குவியல். மூங்கிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். குண்டூசி முனையளவு துளைகள். காதோடு வைத்தால் உள்ளே ஏதோ அரிக்கும் சத்தம் கேட்டது. வண்டு. சட்டத்துக்குப் போன மூங்கில்களும் இதே வண்டியில் வந்தவை.

அவர் வந்ததும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். சட்டத்துக்குப் போனவற்றை இரண்டு கிழமை தண்ணீரில் ஊறப் போட்டுத்தான் எடுத்தது, இவை ஊறாதவை, அதுதான் வண்டு பிடித்திருக்கிறது என்றார்.

"எல்லாத்தையும் ஊறப் போட்டதோ?" என்று கேட்டேன்.

"போட்டிருப்பினம்."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

அவர் மூங்கிலைத் திரும்பவும் மூலையில் சாத்தினார். சட்டத்துக்கு ஏற்கெனவே மெழுகுத் துணி சுற்றி ஒட்டியாகிவிட்டது, உள்ளே பார்க்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கிழிக்க வேண்டும், மூங்கில் நல்லதென்று துரையிடம் எழுதிக் கொடுத்தவனே நான்தான் என்று சொன்னார். அவர் போய்ச் சொல்லமாட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு அந்த மாவைக் கொஞ்சம் பேப்பரில் மடித்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனேன். தனியாக நான் கோட்டைக்கு ரயிலேறியது அன்றுதான் முதல் தடவை. ரயில் கடலோரமாகப் போகும்போது ஜன்னலால் உப்புச் சாரல் அடித்தது, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவருடைய வேலை போய்விடும் என்று ஒரு பயம். நான் சொன்னது பிழையாகி எல்லோரும் சிரிப்பார்கள் என்று ஒரு பயம். எல்லாவற்றுக்கும் அடியில் மற்றப் பயம். கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ரிக்‌ஷா பிடித்தேன்.

என்னைக் கண்டதும் அவர் மேசையிலிருந்து எழும்பிவிட்டார். துரை சுருட்டோடு வெளியே வந்து, வீட்டில் ஏதும் நடந்துவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பேப்பரை விரித்துக் காட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எங்கிருந்து வந்த மூங்கில், எத்தனை நாளில் இவ்வளவு மா விழுந்தது என்று சொன்னேன். துரை விரலால் மாவைத் தொட்டுப் பார்த்தார்.

பட்டறையின் மூத்த தச்சரைக் கூப்பிட்டார். சிங்களவர், பாஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். சட்டம் கூரைச் சலாகையிலிருந்து கயிறுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. பாஸ் ஒரு சிறிய மரச் சுத்தியலால் துணிக்கு மேலாகவே ஒவ்வொரு மூங்கிலையும் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். முழுவதும் தட்டி முடிய அரை மணித்தியாலம் சென்றது.

"ஹொந்தாய், நோனா," என்றார் என்னிடம். நல்லாயிருக்கிறது, அம்மா.

துரை என்னைப் பார்த்தார். "இனி என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?"

"பாரம் ஏற்றிப் பாருங்கள்," என்றேன். "இவருடைய பாரத்தைப்போல் இரண்டு மடங்கு. ஒரு மணித்தியாலம் நிற்கட்டும்."

"போதும், வீட்டை போம்," என்றார் என் கணவர், தமிழில், மெதுவாக. எல்லோருக்கும் முன்னால் அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் போகவில்லை. போவதற்குக் கால் வரவில்லை என்பதுதான் சரி.

துரை மணல் மூட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். ஆள் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். சட்டம் கொஞ்சம் வளைந்து நின்றது. எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். எனக்கு உட்கார ஒரு வாங்கு போட்டார்கள். நான் அதில் இருந்து, நார் கிழிகிற அந்த மெல்லிய சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சம்மட்டிச் சத்தத்தில் அது கேட்காமல் போய்விடுமோ என்று வேறு பயம். இருபது நிமிடம் போயிற்று. அரை மணியாயிற்று. ஒன்றுமில்லை. பாஸ் என்னைக் கடந்து போகும்போது பரிவோடு சிரித்தார்.

நாற்பது நிமிடமளவில் சட்டம் முறிந்தது. எந்த முன்னறிவிப்பும் இல்லை. ஒரு சிறிய "டக்". அவ்வளவுதான். மூட்டைகள் தரையில் விழுந்து வெடித்து மணல் என் காலடிவரை வந்தது. சட்டத்தின் முன்பாதி ஒரு பக்கமாய்த் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

பாஸ் போய்ச் சூரிக் கத்தியால் துணியைக் கிழித்தார். மூங்கில்கள் முழுசாக இருந்தன. ஒன்றிலும் ஒரு துளை இல்லை. பிளந்தது மூட்டில் போட்ட வெள்ளைக் குழாய். இரும்பு ஆணி அதைத் தொட்டுக்கொண்டிருந்த இடமெல்லாம் சுண்ணாம்புபோல வெள்ளை மா. துரை விரலால் அழுத்தினார்; குழாய் பிஸ்கட்போல உதிர்ந்தது. மற்ற மூட்டுகளையும் திறந்து பார்த்தார்கள். பதினெட்டில் பதினொன்று அப்படித்தான். துறைமுகத்து உப்புக் காற்று நாலு மாதமாக உள்ளே வேலை செய்திருக்கிறது. வெளியில் பார்த்தால் பளபளவென்று புதிது.

நான் பயந்தது பிழையான பொருளுக்கு. நம்பலாம் என்று நானே எழுதிவைத்த பொருள் அவரைக் கொன்றிருக்கும். வண்டு அந்த மூலையில் மாவைக் கொட்டியிராவிட்டால் நான் வந்திருக்கவே மாட்டேன்.

துரை கோபிக்கவில்லை. சுருட்டை எடுத்து, பற்றவைக்காமல் கையில் வைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் தான் வேலை செய்த இடத்தில் இரண்டு பேர் செத்ததைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், பாதியில் நிறுத்திவிட்டார். இன்றைக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று என் கணவரிடம் சொன்னார்.

ரயிலில் நாங்கள் எதிரெதிராக இருந்தோம். பம்பலப்பிட்டி தாண்டும்வரை அவர் வாய் திறக்கவில்லை. என்னில் கோபமாக இருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு அண்டைக்கே பயம்," என்றார். "தராசிலை ஏத்தின அண்டைக்கே. ஏலாது எண்டு சொல்ல வாய் வரேல்லை."

"என்னட்டையெண்டாலும் சொல்லியிருக்கலாம்."

"உமக்குச் சொன்னால் அது உண்மையாப் போயிடும் எண்டு இருந்தது." கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இண்டைக்கு நீர் வாசலிலை நிண்டதைக் கண்டவுடனை எனக்கு மேசையிலை இருக்க ஏலாமல் போச்சு. ஆரோ என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போக வந்த மாதிரி."

வெள்ளவத்தையில் இறங்கி வீடுவரை நடந்தோம். அன்று இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

சட்டத்தை மறுபடி செய்தார்கள். இந்தத் தடவை உலோகமே இல்லை. மூங்கில் நுனிகளுக்குள் லுணுமிதெல்ல முளைகளைச் செருகி, வெளியே பசையில் ஊறிய சணல் நூலை இறுக்கிச் சுற்றினார்கள். அது பாஸின் யோசனை. வள்ளக்காரர்கள் ஆணி அடிப்பதில்லை, கட்டுகிறார்கள் என்றார். ஒவ்வொரு மூட்டுக்கும் மாதிரி செய்து முறித்துப் பார்த்தோம். ஒரு மாதிரியைக் கடலோரத்தில் ஒரு மாதம் போட்டுவைத்தும் முறித்தோம். மிகக் குறைந்த எண்ணைத்தான் எடுத்தோம். ஏழு இறாத்தல் கூடிவிட்டது. ஆசனப் பலகையைக் கழற்றிவிட்டுக் கான்வாஸ் பட்டி போட்டார்கள். அவர் சப்பாத்தில்லாமல் ஏறுவதென்று முடிவாயிற்று.

ஏறுவதென்று அவரே சொன்னார். இப்போது ஏன் என்று கேட்டேன்.

"இப்ப என்னத்திலை ஏறுறன் எண்டு தெரியும்," என்றார். "தெரிஞ்சுகொண்டு பயப்பிடலாம்."

தை மாதத்தில் காற்றில்லாத ஒரு காலை, முகத்துவாரத்துக்குப் பக்கத்து வெளியில் பையை நிரப்பினார்கள். துரை சுருட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். நாலு கயிறு, ஒவ்வொன்றிலும் நாலு பேர்; கயிற்று நுனியைத் தரையில் அடித்த முளையில் கட்டியிருந்தார்கள். என் கணவர் பட்டியில் உட்கார்ந்து இடுப்புக் கயிற்றைக் கட்டினார். வெறுங்கால்கள் தொங்கின. அவை தரையை விட்டெழும்பின. ஆட்கள் கயிற்றை விட விட அவர் தென்னை ஓலைகளுக்கு மேலே போனார். நான் எண்ணத் தொடங்கினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. எண்ணிக்கொண்டிருந்தால் விழமாட்டார் போலிருந்தது. இருநூறை எட்டும்போது ஒரு வெடிப்புச் சத்தம் கேட்டது. கயிறு கட்டியிருந்த முளையொன்று கிளம்பிய சத்தம் அது. பாஸ் ஓடிப்போய் அதைக் காலால் மிதித்துக்கொண்டார். நான் தரையில் குந்திவிட்டேன். ஆனாலும் எண்ணுவதை நிறுத்தவில்லை.

நானூற்றிருபதில் அவருடைய கால் மண்ணில் பட்டது. கயிறுகளை அவிழ்த்ததும் இரண்டடி நடந்து, குனிந்து வாந்தி எடுத்தார். துரை அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, என் கைகள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தன, விடவே மாட்டேன் என்றன.

அது ஒரு தடவைதான் ஏறியது. அடுத்த கிழமையே, பையைப் பட்டறைக்குள் எடுக்கும்போது துணி கதவில் கொழுவிக் கிழிந்தது. புதுத் துணிக்குச் சொல்லி அனுப்பினார்கள், வரவில்லை. பிறகு யுத்தம் வந்தது. பட்டறையைப் படையினருக்கு எடுத்துக்கொண்டார்கள். துரையும் நோயாளியானார்.

யுத்தம் வருவதற்கு முன் ஒருநாள் துரை என்னிடம் கேட்டனுப்பினார்: கிழமைக்கு இரண்டு நாள் பட்டறைக்கு வந்து, படகு மரங்களையும் கயிறுகளையும் பரிசோதித்துக் கொப்பியில் எழுத முடியுமா என்று. சம்பளம் தருவார். என் கணவருக்கு நான் போவது விருப்பம். இரண்டு நாள் யோசித்தேன். மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். காரணம் கேட்டார்கள், வீட்டு வேலை என்றேன். உண்மையில், நம்பலாம் என்று இன்னொரு தடவை எழுத எனக்குத் துணிவில்லை.

அடுத்த வருடம் வெள்ளவத்தையிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கச் சேர்ந்தேன். பிள்ளைகள் சராசரி எடுக்கும் கணக்கைச் சரியாகச் செய்து கொண்டுவந்து நீட்டுவார்கள். சரி போட்டுக் கொடுப்பேன்; என் கண் மட்டும் அதில் ஆகக் குறைந்த எண்ணைத் தேடும்.